சுகர் காட்டும் வாட்சை நம்பி இன்சுலின் போடாதீர்கள்

"ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் கட்டினால் போதும்" என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் வாட்சும் மோதிரமும் சுகரை அளப்பதே இல்லை. பணம் போனால் போகட்டும். உண்மையில் 75 இருக்கும்போது வாட்ச் 180 காட்டி, அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது இதைத்தான்: தானாகவே சுகர் அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அது அனுமதி தரவில்லை.

வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு நாடித்துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும். பச்சை ஒளியில் குளுக்கோஸுக்கென்று தனி அடையாளம் கிடையாது. அகச்சிவப்பு ஒளியைக் குளுக்கோஸ் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் தோலில் உள்ள தண்ணீர் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சிவிடும். வியர்வை, தோலின் சூடு, பட்டையின் இறுக்கம் என எது மாறினாலும் கணக்கு கலைந்துவிடும். இன்றைய ஸ்மார்ட்வாட்ச்கள் வருவதற்கு முன்பே, 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் என்ற பழைய கருவி, லேசான மின்சாரத்தால் தோல்வழியே திரவத்தை இழுத்து அளந்தது. அதற்கே விரலில் குத்தி ஒப்பிட வேண்டியிருந்தது, தோலும் எரிந்தது. சந்தையில் அது நிலைக்கவில்லை.

அப்படியானால் திரையில் வரும் எண்? பல செயலிகள் வயது, எடை, சாப்பிடும் நேரம் கேட்கும். "ஒருமுறை குளுக்கோமீட்டர் அளவைப் பதியுங்கள்" என்றும் கேட்கும், அதாவது விரலில் குத்தி ரத்தத்தில் பார்க்கும் மீட்டரின் அளவை. நீங்கள் கொடுத்த எண்ணையே கொஞ்சம் ஏற்றி இறக்கித் திருப்பிக் காட்டினால், முதல் சில நாள் சரியாகத்தான் தோன்றும்.

வாங்கிவிட்டவர்கள் அந்த மீட்டர் எண்ணைப் பதியாமல் சோதியுங்கள். வாட்சை ஒரு வாழைப்பழத்தில் கட்டிப் பாருங்கள். பழத்துக்கும் சுகர் அளவு சொன்னால் அங்கேயே முடிந்தது. சொல்லாவிட்டாலும் நம்ப வேண்டாம். மூன்று நாள், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும், கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு மீட்டரில் பார்த்து, வாட்ச் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். நல்ல மீட்டரிலும் 100-க்குக் கீழே 15 புள்ளி, அதற்கு மேலே 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். வாட்ச் அதையும் தாண்டி ஓடும்.

விளம்பரப் படத்தில் புஜத்தில் ஒட்டிய வட்ட சென்சாரைக் காட்டி விற்பவர்களும் உண்டு. அது வேறு பொருள். தோலுக்குள் மெல்லிய இழை இறங்கி, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் அளக்கும். பல மாடல்கள் 14 நாள் வரும். ரத்த அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கிக் காட்டும், அவ்வளவுதான். அந்த சென்சாரின் அளவை வாட்சில் பார்ப்பதில் தவறில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்க, "சுகர் அளக்கும்" என்ற விளம்பரப் பக்கத்தையும், பெட்டிக்குள் பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றிருக்கும் தாளையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்சைப் பார்த்து மருந்தளவை மாற்றியிருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கை நடுங்கி வியர்த்தால் சுகர் இறங்கியிருக்கலாம், மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கையில் இல்லாவிட்டாலோ, உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.