பக்கவிளைவே இல்லாத கீமோ என்றார்கள், 38,500 ரூபாய் போயிற்று

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 38,500 ரூபாய். வீடியோ போட்டு மூலிகைக் கஷாயம் விற்கிற ஓர் ஆன்லைன் கடையில் விட்டேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் போடவில்லை. இதில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அக்காவுக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய், டிரிபிள் நெகட்டிவ் வகை. ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, ஹெர்2 ஊசியும் கேட்காது, கீமோவைத்தான் பெரிதாக நம்ப வேண்டும் என்றார் டாக்டர். முதல் டிரிப் ஏறிய பதினேழாம் நாள் தலையணை முழுக்க முடி. வாயெல்லாம் புண், மோர்கூட எரிந்தது. "எனக்கு இது வேண்டாம்டா, விட்டுடு" என்று அழுதாள்.

அன்று ராத்திரிதான் அந்தக் கடை வீடியோவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அக்கா சாப்பிட்டாங்களா தம்பி? மோர் வேண்டாம், இளநீர் வழுக்கை கொடுங்க" என்றார். அத்தனை நாளில் அப்படி யாரும் எங்களைக் கேட்டதில்லை. அங்கேதான் விழுந்தேன். கீமோவை நிறுத்தச் சொல்லவில்லை, கூடவே இதைக் குடித்தால் பக்கவிளைவே வராதாம். "டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது." மூன்று மாதத்துக்கு 38,500, முழுசும் முன்பணம். ஜிபேயில் போட்டேன்.

மூன்றாவது டிரிப்புக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் எகிறியிருந்தது. டிரிப் இரண்டு வாரம் தள்ளிப்போனது. டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் இல்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உடனே நிறுத்துங்கள் என்றார். வாந்திக்கு மருந்தை மாற்றலாம், வெள்ளணு குறைந்தால் ஊசி இருக்கிறது, முடி பெரும்பாலும் திரும்ப வளரும், கீமோவில் ஏற்றும் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால்தான் முதலிலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம் என்றார். "நோயாளிக்குப் பலன் இல்லாத இடத்துல நாங்களே கீமோ போட மாட்டோம்" என்றார். உண்மைதான். எதிர்வீட்டு அம்மாவுக்கு 62 வயது. ஹார்மோன் வகை, நெறிக்கட்டிக்கும் பரவவில்லை. கட்டியில் ஜீன் டெஸ்ட் பார்த்துவிட்டு ஹார்மோன் மாத்திரை போதும் என்றுவிட்டார்கள். அவரைப் போன்றவர்களில் பலருக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018-இல் டெய்லர்எக்ஸ் என்ற பெரிய ஆய்வே காட்டியதாம். இதையெல்லாம் முதல் நாளே நான் டாக்டரிடம் கேட்டிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில், உடம்பில் உள்ள நஞ்சு வெளியேறுகிறது, அதனால்தான் என்சைம் ஏறுகிறது என்றார்கள். அப்புறம், திறந்த பாட்டிலுக்குப் பணம் கிடையாது என்றார்கள். திறக்காத ஏழு பாட்டிலுக்கு? மேனேஜர் ஊரில் இல்லையாம். கடைசியில் அதே அம்மா, "நம்பிக்கை இல்லாம குடிச்சா எந்த மருந்தும் கேக்காது சார்" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார். வாங்கும்வரை தம்பி, 38,500 போனதும் சார்!

விவரமாக எழுத இப்போது நேரமில்லை. டாக்டரிடம் சொல்லாதே என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வது 1954 சட்டப்படி குற்றம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் கஷாயம் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாளைக்கு மூன்றாவது டிரிப், காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.