“சீல் உடைக்காத” பழைய மாடல் கிட் வாங்கப் போறீங்களா? 310 டாலர் போன கதையைப் படிச்சிட்டு வாங்குங்க

கார்டு கம்பெனிகிட்டேர்ந்து கடைசி பதில் இப்பத்தான் வந்துச்சு. புகாரை முடிச்சு வச்சுட்டாங்களாம். 310 டாலர் போச்சு. இன்னும் கொதிப்பு அடங்கல, அதனால எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

தளத்தோட பேரைச் சொல்லல. பழைய பொம்மை, கடிகாரம், மாடல் கிட்னு யார் வேணாலும் எதை வேணாலும் விக்கிற ஒரு ஆன்லைன் ஏலத் தளம், அவ்வளவு போதும். வித்தவன் அங்க நிறைய நட்சத்திரம் வாங்கி வச்சிருக்கிற ஆளு.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். 1932 ஃபோர்டு மாதிரி பழைய வண்டியை எடுத்து, ஃபெண்டரைக் கழட்டி, கூரையை அறுத்து இறக்கி, பெரிய என்ஜினை ஏத்தி ஓட்டினா அது ஹாட் ராட். அதையே 1/24, 1/25 ஸ்கேல்ல பிளாஸ்டிக்ல ஒட்டி, பெயின்ட் அடிச்சு, நம்ம இஷ்டத்துக்கு மாத்திக் கட்டுறதுதான் என் பொழுதுபோக்கு. டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த இடத்துல ஒட்டிக்கிட்ட வியாதி.

இதுல ‘ரெட் பேரன்’னு ஒரு கிட். 1968ல மோனோகிராம் கம்பெனி போட்டது, வடிவமைச்சவர் டாம் டேனியல். முதல் உலகப்போர் காலத்து ஜெர்மன் ஹெல்மெட், உச்சியில கூர்முனையோட, அதுதான் வண்டிக்குக் கூரை! முன்னாடி மெர்சிடிஸ் விமான என்ஜின், ரெண்டு மெஷின் கன். எல்லாரும் நிஜ வண்டியைப் பார்த்து மாடல் பண்ணுவாங்க. இதுல தலைகீழ். மாடல் வந்த பிறகுதான் இங்க டெட்ராய்ட்ல சக் மில்லர்ங்கிறவர் பட்டறையில ஓடுற வண்டியாவே கட்டினாங்க. விமான என்ஜினுக்குப் பதிலா பான்டியாக் ஆறு சிலிண்டர் என்ஜின் வச்சாங்க. அந்த ஊர்ப்பக்கமே இருந்துக்கிட்டு, அதோட முதல் பதிப்பை ஒரு தடவையாவது கட்டிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. ரீஇஷ்யூ (மறுபதிப்பு) பல தடவை வந்திருக்கு, விலையும் இதுல பத்துல ஒரு பங்குதான். ஆனா எனக்கு 1968 பெட்டி வேணும்.

“1968 முதல் பதிப்பு, ஃபேக்டரி சீல்”னு போட்டிருந்தான். போட்டோவுல பெட்டி மூலையெல்லாம் தேஞ்சிருக்கு, மேல பிளாஸ்டிக் உறை, உறை மேல ஏதோ பழைய கடையோட விலைச் சீட்டு. இருந்தாலும் விடாம, எங்கேர்ந்து கிடைச்சதுன்னு கேட்டு மெசேஜ் போட்டேன். அதுக்கு வந்த பதில் இருக்கே! அவங்க அப்பா ஹாபி ஷாப் வச்சிருந்தாராம். கடையை மூடினப்போ மிஞ்சின சரக்கு வீட்டு பேஸ்மென்ட்லயே கிடந்துச்சாம். அப்பா போன பிறகு ஒவ்வொண்ணா விக்கிறானாம். “வாங்கி அலமாரியில அடுக்குறவங்களை விட உங்களை மாதிரி உட்கார்ந்து கட்டுறவங்க கைக்குப் போனா அப்பா சந்தோஷப்படுவார்”னு முடிச்சிருந்தான். இந்த வரியைப் படிச்ச பிறகு ஒருத்தன் பேரம் பேசுவானா? கேட்ட 310 டாலரையும் அப்படியே கட்டினேன்.

பணம் போன பிறகு இன்னொரு மெசேஜ். “அவசரப்பட்டுப் பிரிச்சிடாதீங்க, சீலோட இருந்தாத்தான் மதிப்பு.” அப்பா விஷயத்துல உருகினவன், இப்ப பிரிக்காதேங்கிறான். அக்கறைல சொல்றான்னுதான் யாருக்கும் தோணும்.

பெட்டி வந்துச்சு, பிரிச்சேன். கட்டத்தானே வாங்கினது.

பழைய கிட்டுக்குன்னு சில கோளாறு உண்டு, அதுக்கெல்லாம் நான் தயார். டயர் வினைல், வருஷக்கணக்கா பிளாஸ்டிக் மேல சாஞ்சு கிடந்தா பாடியை உருக்கிக் குழி போட்டிருக்கும். புட்டி வச்சுத் தேச்சா சரியாயிடும். டெக்கால் (வண்டி மேல ஒட்டுற படம்) மஞ்சளடிச்சிருக்கும், ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெயில் காட்டினா ஓரளவு வெளுக்கும். இதுக்கெல்லாம் நான் சண்டை போடுற ஆள் இல்ல. ஆனா உள்ள இருந்த டெக்கால் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. சரி, இருட்டுல இருந்திருக்கும்னு நினைச்சு இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்டை விரிச்சா, கீழ ‘ரெவெல்-மோனோகிராம்’னு அச்சு. ரெவெல்லும் மோனோகிராமும் ஒண்ணு சேர்ந்தது 1986ல. 1968ல சீல் வச்ச பெட்டிக்குள்ள அந்தக் காகிதம் எப்படிப் போச்சு?

அடுத்து அந்த ஹெல்மெட். கிட்டோட உயிரே அந்த குரோம் ஹெல்மெட்தான். ஸ்ப்ரூவுல (பாகமெல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருக்க வேண்டியது, தனியா வெட்டி ஒரு ஜிப் கவர்ல கிடக்கு. வெட்டின இடத்துல கட்டர் கடிச்ச தழும்பு. குரோம் மொத்தமா போயி, மேல பிரஷ்ல வெள்ளிப் பெயின்ட். பிரஷ் மயிர் ஒண்ணு பெயின்ட்லயே ஒட்டிக் காஞ்சு நிக்குது. உள்பக்கம் பசைத் தடம் வேற. எவனோ பாதி கட்டிப் பிச்சுப் போட்ட மாடல் அது! பெட்டி மட்டும் அசல் பழசு. அதுக்குள்ள ரீஇஷ்யூ பாகத்தையும் கழிசலையும் போட்டு, புதுசா உறை சுத்தி, சூடு காட்டி இறுக்கியிருக்கான். ஷ்ரிங்க் ராப் (சூடு பட்டா சுருங்கி இறுகுற பிளாஸ்டிக் உறை) சுருளும் ஹீட் கன்னும் எவன் வேணா வாங்கலாம், அதுக்கு ஃபேக்டரி தேவையில்ல.

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில், “அப்படியா, ஆச்சரியமா இருக்கே, பார்க்கிறேன்.” அப்புறம் சத்தமே இல்ல. திரும்பத் திரும்ப இடிச்சதும் குரல் மாறிடுச்சு. “நான் சீலோட கொடுத்தேன், நீங்க உடைச்சிட்டீங்க. உள்ள எதை மாத்தினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” திருடின என்னையே திருடன்ங்கிற மாதிரி பேசுறான்! ஸாரி, கோபத்துல உளறுறேன், திருடினது அவன்.

தளத்துல சாட்ல வந்தவங்க, “விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்.” தொடர்பு கொண்டாச்சும்மா, அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்னா, அதே வரி மறுபடியும். கடைசியா தீர்ப்பு: பொருள் அனுப்பின நிலையில இல்லையாம், அதனால திருப்ப முடியாதாம். கார்டு கம்பெனிக்குப் போனா, அவன் சீலோட இருக்கிற போட்டோவையும் டெலிவரி ரசீதையும் ஆதாரமா நீட்டிட்டான். முடிஞ்சுது, 310 டாலர்.

இதுல இருக்கிற சூட்சுமத்தைக் கவனிங்க. பிரிக்காம வச்சா மோசடி தெரியாது, ரிட்டர்ன் தேதி தானா கடந்துடும். பிரிச்சா மோசடி தெரியும், ஆனா சீல் உடைஞ்சதால பேச வாய் இருக்காது. ரெண்டு பக்கமும் அவனுக்குத்தான் ஜெயம். சேகரிக்கிறவங்க பெரும்பாலும் பிரிக்கவே மாட்டாங்க, அவன் நட்சத்திரமெல்லாம் அப்படி வந்ததுதான்னு என் கணிப்பு. எத்தனை பேர் அலமாரியில இந்த மாதிரி கழிசல் பெட்டி கௌரவமா உட்கார்ந்திருக்கோ!

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், மனசு ஓடல. முக்கியமானது மட்டும். கட்டறதுக்குன்னா திறந்த பெட்டியே வாங்குங்க, ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் பரப்பி எடுத்த போட்டோ கேளுங்க, இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்ல கம்பெனி பேர், வருஷம் இருக்கிற இடத்தைக் கிட்டத்துல காட்டச் சொல்லுங்க. சீல் பெட்டிதான் வேணும்னா, பார்சலைக் கிழிக்கிறதுலேர்ந்து வெட்டு இல்லாம ஒரே வீடியோவா எடுங்க. உறை மேல விலைச் சீட்டு இருக்குன்னு நம்பாதீங்க, அதையும் ஒட்டலாம். அப்பா கதை, தாத்தா கதை சொன்னா விலகிடுங்க.

அவன் இன்னைக்கு வேற ஒரு “ஃபேக்டரி சீல்” கிட் ஏத்தியிருக்கான். புகார் கொடுத்திருக்கேன், வழக்கம் போல “பரிசீலனையில் உள்ளது.”

யார்கிட்டயாவது உடைஞ்ச ரெட் பேரன் கிட் இருந்து, அதுல குரோம் ஹெல்மெட் மட்டும் உருப்படியா இருந்தா இன்பாக்ஸ் வாங்க. பணம், பொருளைக் கண்ணால பார்த்த பிறகுதான்.