அம்புக்குறி நம்பரா, கேஏ நம்பரா?

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையின் மையத்தை ஒட்டி, சிக்னலில் நின்றால் ரெண்டு வகை நம்பர் பிளேட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். என் முன்னால் ஒரு ஆட்டோ, கேஏ 03. கேஏ என்றால் கர்நாடகா, 03 என்றால் பெங்களூர் கிழக்கு (இந்திராநகர்) ஆர்டிஓ, அதாவது வண்டி எந்த ஊர்க்காரன் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம், ஆனால் எந்த வருஷத்து வண்டி என்று அதில் நேரடியாக இருக்காது.

பக்கத்திலேயே ஒரு ராணுவ லாரி. மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து ரெண்டு இலக்கம், ஒரு எழுத்து, நீளமான வரிசை எண், கடைசியில் இன்னொரு எழுத்து. அந்த ரெண்டு இலக்கம்தான் விஷயமே: 14 என்றால் 2014-ல் ராணுவம் வாங்கியது. கடைசி எழுத்து வண்டியின் வகையைக் காட்டும். பதிவு டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தில் நடப்பதால் மாநிலம் எங்கேயும் இல்லை. பதான்கோட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தாலும் அதே நம்பர்தான்.

குழப்பம் பிஹெச் சீரிஸில்தான் வரும், அதாவது மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்ற வேண்டாத 'பாரத்' வரிசை. 2021-ல் வந்த அதிலும் வருஷம்தான் முதலில், 22 பிஹெச் என்கிற மாதிரி. என் மச்சான் அதைப் பார்த்து 'ஆர்மி வண்டிடா' என்று வழிவிட்டு ஒதுங்கினான், ஓட்டியவர் ஏதோ பேங்க் ஆபீசர். அம்புக்குறி இருக்கா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், ராணுவ அதிகாரியின் சொந்தக் காரில் அம்பு இருக்காது, அதுவும் நம்மைப் போல கேஏ நம்பராகவே இருக்கலாம்.