சென்னை–திருச்சி ரயில்: கார்டு லைனா, மெயின் லைனா?

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சிக்கு ரயில் தேடினால் பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் கண்ணில் படும். வந்தே பாரத் நாலு மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். வைகைக்கு நாலரை, ஐந்து மணி நேரம். சோழன் எக்ஸ்பிரஸ் மட்டும் ஏழு மணி நேரத்துக்குப் போய்விடும். இதில் எஞ்சின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, பாதையே வேறு.

விழுப்புரம் வரை 159 கிலோமீட்டர் எல்லா ரயிலுக்கும் ஒரே தடம்தான். அங்கிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்கு ஓரளவு நேராகப் போவது கார்டு லைன். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று கடற்கரைப் பக்கம் போய், டெல்டாவுக்குள் வளைந்து திருச்சிக்கு வருவது மெயின் லைன். எழும்பூரிலிருந்து கணக்கிட்டால் முதலாவது சுமார் 337 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 400.

வயதில் மெயின் லைன்தான் மூத்தது. இதன் பெரும்பகுதி 1870களில் மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலத் தடம்) போட்டது. அன்றைக்கு நெல்லும் ஜனமும் துறைமுகமும் இருந்தது டெல்டாவிலும் கடலோரத்திலும்தான், அதனால் ரயிலும் அங்கே போனது. கார்டு லைன் வந்தது 1920களின் இறுதியில். அதுவரை சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு வரும் எந்த ரயிலும் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), தஞ்சாவூரைத் தொடாமல் வர முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி போய் இலங்கைக்குக் கப்பல் ஏறியவர்களும் முதலில் இந்த வழியாகத்தான் போனார்கள். புதுப்பாதை வந்ததும் தென் மாவட்ட ரயில்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைக்கு வைகை, பல்லவன், பாண்டியன், நெல்லை, பொதிகை, தேஜஸ், வந்தே பாரத் எல்லாமே கார்டு லைன். மெயின் லைனில் சோழன், இரவு ரயிலான உழவன், திருச்செந்தூர் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் போன்றவை ஓடுகின்றன.

வேகத்துக்குத் தூரம் மட்டும் காரணமில்லை. அறுபத்து சொச்சம் கிலோமீட்டர் கூடுதலுக்கு ஒரு மணி நேரம் அதிகமாகலாம், இரண்டரை மணி நேரம் ஆகாது. கார்டு லைன் இப்போது முழுக்க இரட்டைப் பாதை. மெயின் லைனில் தஞ்சாவூர்–திருச்சி பகுதிதான் இரட்டை, விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை 190 கிலோமீட்டர் சொச்சம் ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் இரண்டில் ஒன்று ஸ்டேஷனில் லூப் என்ற பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். "கிராசிங்குக்குப் போட்டுட்டான்" என்று ஜன்னலோரத்துக்காரர் அறிவிப்பார், டீ விற்பவருக்கு நல்ல வியாபாரம் ஆகும். ஒரு ரயில் தாமதமானால் எதிரே வருவதும் அதற்காகக் காத்திருந்து தாமதமாகும். அதனால் நேரம் தவறாமல் ஓடுவதில் இரண்டையும் ஒப்பிடுவதே நியாயமில்லை. ஸ்டேஷன்களும் மெயின் லைனில் நெருக்கம், அவை பெரிய ஊர்கள். சிதம்பரத்தில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸை அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

அகலப்பாதைக்கு மாறியதிலும் இதே கதை. கார்டு லைன் 1990களின் கடைசியிலேயே மாறிவிட்டது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதியை மூடி, வேலை முடித்துத் திரும்ப ரயில் விட்டது 2010இல்தான். இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிதம்பரம், சீர்காழிக்காரர்களுக்குச் சென்னைக்கு நேர் ரயில் இல்லை, பஸ்தான்.

சரி, யார் எதில் ஏறலாம்? திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர் யோசிக்கவே வேண்டாம், கார்டு லைன். மயிலாடுதுறை (சுமார் 281 கிலோமீட்டர்), கும்பகோணம் (சுமார் 312) போகிறவருக்கும் குழப்பமில்லை. கும்பகோணத்துக்குத் திருச்சியைச் சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வீண்.

சிக்கல் தஞ்சாவூரில்தான். மெயின் லைனில் 351 கிலோமீட்டர், திருச்சி வழியாக 387. தூரத்தில் மெயின் லைன் ஜெயிக்கிறது. நேரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வந்தே பாரத்தில் திருச்சி போய் அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தால், சோழனில் நேராகப் போகிற ஆறு மணி நேரத்தோடு ஏறக்குறைய சமமாகிவிடும். கட்டணம் கூடும், மூட்டையோடு இறங்கி ஏறவும் வேண்டும். என்னைக் கேட்டால் தஞ்சாவூருக்கு உழவனில் படுத்துக்கொண்டே போவது உத்தமம். அதில் இடம் கிடைக்காவிட்டால்தான் திருச்சி வழி. அப்போதும் வந்தே பாரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை, பல்லவனோ வைகையோ போதும்.

ஜன்னலோரம் என்று வந்தால் நான் மெயின் லைன் கட்சி. கடலூரைத் தாண்டியதும் வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என்று ஆறுகள் வரிசையாக வரும். மயிலாடுதுறைக்குப் பிறகு பாதை மேற்கே திரும்பி, குத்தாலம், ஆடுதுறை, பாபநாசம் என்று வயல்களுக்கு நடுவிலேயே போகும். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு தாண்டித்தான் தஞ்சாவூர். கார்டு லைனில் பெரும்பகுதி மேட்டு நிலம், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். லால்குடி வந்த பிறகுதான் பச்சை. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் அபாரம்: கொள்ளிடப் பாலம், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், உடனே காவிரிப் பாலம், மலைக்கோட்டை. இதற்காக அந்த மேட்டு நிலத்தையெல்லாம் மன்னித்துவிடலாம்.

மழைக்கு இரண்டுமே தப்பியதில்லை. மெயின் லைன் கடலூர் மாவட்டத்துப் புயல் வழியில் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரிய துயரம் நடந்தது கார்டு லைனில். 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

இரண்டு பாதை இருப்பதால் ஒன்று அடைபட்டால் மற்றது உதவும். விருத்தாசலம்–கடலூர் இணைப்புப் பாதை இருப்பதால் பாதி வழியில்கூட மாற்றிவிடலாம். ஆனால் விழுப்புரத்துக்கு வடக்கே அடைத்தால் இரண்டும் சேர்ந்தே முடங்கும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டபோது இதைப் பார்த்தோம். காட்பாடி, திருவண்ணாமலை வழியாகச் சுற்றி வருவதுதான் அப்போது மிச்சமிருக்கும் வழி.

விழுப்புரம்–தஞ்சாவூர் இரட்டைப் பாதை டெல்டாக்காரர்களின் பழைய கோரிக்கை. கார்டு லைனில் இன்னும் பத்து நிமிடம் குறைப்பதைவிட இதுதான் முதலில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு வேகமான ரயில் ஏற்கெனவே இருக்கிறது, சீர்காழிக்காரருக்கு வேறு பாதை கிடையாது. 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வேறு வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு விடும் சிறப்பு ரயில்கள் இந்த ஒற்றைத் தடத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றால், சோழனுக்கு ஏழு மணி நேரம் என்பதெல்லாம் பேப்பரில் மட்டும்தான் இருக்கும்.