கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் டெட் வில்லியம்ஸ்: நின்று பார்க்க வேண்டிய காட்சி

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர், பாஸ்டன் மட்டையாளர் டெட் வில்லியம்ஸின் ஸ்ட்ரைக் எல்லையை, அதாவது அவருக்குச் சரியாக வீசப்பட்டதாகக் கொள்ளப்படும் பந்து வரும் பரப்பை, பந்துகளால் அடுக்கிக் காட்டியிருக்கும் இடத்தில் அவசியம் நேரம் செலவிட வேண்டும். அகலத்தில் 7, உயரத்தில் 11 என 77 பந்துகளாக அவர் பிரித்த எல்லை அது. எந்த இடத்தில் வரும் பந்தை அடித்தால் தமக்கு எவ்வளவு சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது தளத்தை அடையவைக்கும் வெற்றிகரமான அடி, என்ற விகிதம்) கிடைக்கும் என்று அவரே கணித்த எண்களும் உடன் உள்ளன. நடுவில் .400; வெளிப்புறக் கீழ்மூலையில் .230 மட்டுமே.

அவருடைய 1941-ஆம் ஆண்டுச் சாதனையை இதைவிடத் தெளிவாக விளக்கிவிட முடியாது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் மூன்றாவது பருவத்தை ஆடிய, 23 வயதே நிரம்பிய அந்த இளைஞர், தமக்கு உகந்த பந்துக்காகப் பொறுமையுடன் காத்திருந்து, 456 வாய்ப்புகளில் 185 ஹிட்டுகளுடன் .406 சராசரியை எட்டினார். 37 ஹோம் ரன் (பெரும்பாலும் மைதான எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழந்தது, 27 முறைதான்! கடைசி நாளன்று ஆடாமல் அமர்ந்திருந்தாலே அவருடைய .39955 சராசரி .400 என்று பதிவாகியிருக்கும். அவரோ பிலடெல்பியாவில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 வாய்ப்புகளில் 6 ஹிட் அடித்தார். (தாம் அவுட் ஆனாலும் சக வீரர் ஓட்டம் எடுக்க உதவும் உயர்ந்த அடியான சாக்ரிபைஸ் ஃப்ளையும் அன்று வாய்ப்பாகவே எண்ணப்பட்டதால், இன்றைய விதிப்படி அச்சராசரி இன்னும் உயரும்.) அதன்பின் அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரும் லீகுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ எவரும் .400-ஐத் தொடவில்லை.

அவரது மரச்சிற்பமும் அங்கு உண்டு, அழகானதுதான். ஆட்டத்தின் விதிகளை அறியாதவர்கள், விவரம் தெரிந்த ஒருவருடன் செல்வது நல்லது.