பாஸ்கர்வில் அல்ட்ரா மசில்: கடிக்கிற நாய்க்கு வாங்கலாமா?

நாய் கடிக்காதபடி வாயில் மாட்டும் பூட்டுதான் மசில் (muzzle). வாயை இறுக்கிக் கட்டும் துணி மசில் விலை குறைவு என்பதால் பலரும் அதையே வாங்குகிறார்கள். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக வாயைத் திறந்து இரைப்பதால்தான். அந்த மசிலோடு வெயிலில் நடத்தினால் உயிருக்கே ஆபத்து. பாஸ்கர்வில் அல்ட்ரா ரப்பரால் ஆன கூடை மசில். போட்டபடியே நாய் இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். முன்பக்க இடைவெளி வழியாகத் தீனியும் கொடுக்கலாம். பயிற்சிக்கு இதுதான் உயிர்நாடி.

1 முதல் 6 வரை அளவுகள். கண்ணுக்கு 1 செ.மீ. கீழிருந்து மூக்கு நுனி வரை நீளத்தையும், அதே இடத்தில் முகத்தின் சுற்றளவையும் எடுங்கள். மூக்கு முன்பக்கம் இடிக்கக்கூடாது, வாய் நன்றாகத் திறக்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் கூடையை வெந்நீரில் முக்கி இளக்கி, விரித்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் வையுங்கள்; அந்த வடிவத்திலேயே நிற்கும். முழுக்க ஆறிய பிறகே மாட்டவும்.

லாப்ரடாருக்கும் பெரும்பாலான நாட்டு நாய்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சிப்பிப்பாறைக்குச் சிரமம். முகம் நீண்டு ஒடுங்கியது என்பதால் நீளம் சரியாக இருந்தால் அகலம் தொளதொளக்கும், முன்னங்காலால் இழுத்துக் கழற்றிவிடும். நெற்றிப் பட்டையைக் கழற்றாதீர்கள், கழுத்து வளையத்தைக் காலரோடு சேர்த்தே பூட்டுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆகாது. ரப்பர் வளையும் என்பதால், ஏற்கெனவே ஆளைக் குதறிய பெரிய நாய்க்கு இரும்புக் கம்பிக் கூடையே பாதுகாப்பு.

வாங்கிய அன்றே மாட்டிவிடுவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. முதலில் கூடையின் உள்பக்கம் வேகவைத்த ஈரலைத் தடவிக் கையில் பிடித்திருங்கள். நாய் தானாக முகத்தை நுழைக்கட்டும். பல நாள் இப்படியே. பிறகு பட்டையைக் கழுத்தில் வைத்து எடுங்கள், அடுத்து பூட்டி 5 வினாடி, 30 வினாடி, சில நிமிடம் என ஏற்றுங்கள். முகத்தைத் தரையில் தேய்த்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி இறங்குங்கள். டாக்டரிடம் போகும்போது மட்டும் மாட்டினால் அதைப் பார்த்ததுமே ஓடி ஒளியும். வீட்டில் சும்மா இருக்கும்போதும் போட்டுத் தீனி கொடுங்கள்.

மசில் கடியைத் தடுக்கும், பயத்தைப் போக்காது. அந்நியரையோ வேறு நாயையோ கண்டும் உறுமாமல் இருக்கும் தூரத்தில் உங்கள் நாயை நிறுத்தி, அவரோ அந்த நாயோ அதன் கண்ணில் பட்டதும் தீனி கொடுங்கள், மறைந்ததும் தீனியை நிறுத்துங்கள். நாட்கணக்கில் மெல்ல மெல்லத் தூரத்தைக் குறைக்க வேண்டும். உறுமினால் அடிக்காதீர்கள், உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அடிப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது போன்ற முறைகளுக்குப் பல நாய்கள் ஆக்ரோஷமாகவே பதிலளித்தன என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு 2009-லேயே காட்டியது. கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் ஷாக் காலர் பக்கமே போக வேண்டாம். திடீரென்று கடிக்கத் தொடங்கிய நாயானால், முதலில் காது, பல், மூட்டு வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.