காரைக்குடியிலிருந்து பிரேசில் கடற்கரைக்கு: ஒரு குழுச் சுற்றுலாவின் மதிப்பீடு

காரைக்குடிப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் நடத்திய இந்தச் சுற்றுலாவில், ரியோ டி ஜெனீரோ நகரின் கோப்பகபானா கடற்கரைப் பகுதியும், அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூசியோஸ் என்னும் கடலோர ஊரும் தங்குமிடங்களாக அமைந்தன. உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் தேவகோட்டை, பள்ளத்தூர், காரைக்குடி ஆகிய ஊர்களைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற தம்பதியர். ஆகவே நீந்த விரும்பும் இளைஞர்களைவிட, கரையில் அமர்ந்து கடலைப் பார்க்க விரும்புவோருக்கே இம்மதிப்பீடு கூடுதலாகப் பயன்படும்.

கோப்பகபானாவில் கடலைவிட நடைபாதையே எங்களை அதிகம் ஈர்த்தது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வளைந்து செல்லும் கரை நெடுகிலும் கறுப்பு, வெள்ளைக் கற்சில்லுகளைக் கையால் பதித்து அலைக்கோலம் அமைத்திருக்கிறார்கள். 1970ஆம் ஆண்டளவில் நிலத்தோட்டக் கலைஞர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் இதைப் புதுப்பித்தபோது, பழைய கோலத்தைக் கைவிடாமல் பெரிதாக்கினார். ஆத்தங்குடிக் கல் வணிகம் செய்யும் எங்கள் குழு அண்ணன் ஒருவர், பழுது பார்த்த இடங்களில் அலைக்கோடு விலகியிருப்பதைக் குனிந்து குனிந்து காட்டிக்கொண்டே வந்தார். வழிகாட்டி சொன்னவற்றைவிட அவர் சொன்னவையே பயனுள்ளவையாக இருந்தன.

கடலோ குளிப்பதற்கு எளிதானதன்று. அலைகள் கரையருகிலேயே உயர்ந்து ஓங்கி அடிப்பதால் முழங்கால் அளவு நீரில் நிற்பவரையும் புரட்டிவிடும். உயிர்காப்புப் பணியாளர்கள் சிவப்புக் கொடி நட்டிருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. குடைக்கும் நாற்காலிக்கும் வாடகையை உட்காருமுன்பே பேசி முடித்துக்கொள்வதும், சங்கிலியையும் விலையுயர்ந்த கைபேசியையும் அறையிலேயே விட்டுவருவதும் நல்லது. குளிரவைத்த இளநீர் கரையெங்கும் கிடைக்கிறது. எனினும், நம் பக்கத்து இளநீரின் இனிப்பு அதில் இல்லை என்பதே ஆச்சிமார் அனைவரின் தீர்ப்பு.

சாப்பாட்டில்தான் ஏற்பாட்டாளர் சறுக்கினார். சைவ உணவு உறுதி என்று புறப்படுமுன் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே சோறும் கறுப்புப் பயறும் வந்தபோது, பயற்றில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று போர்ச்சுகீசிய மொழியில் கேட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை. ஃபெய்ஜோவாடா என்னும் புகழ்பெற்ற பயற்றுக் குழம்பில் அவ்விறைச்சி வழக்கமாகவே இருக்கும். சைவர்கள் பழங்களையும், மரவள்ளி மாவை வறுத்துச் செய்த ஃபரோஃபாவையும் (இதிலும் சில கடைகளில் இறைச்சித் துண்டுகள் இருக்கும், கேட்டுக்கொள்ள வேண்டும்), கொண்டுவந்த பருப்புப் பொடியையும் நம்பியே நாள்களைத் தள்ளினர். அசைவர்களுக்குக் குறையே இல்லை. தேங்காய்ப் பாலில் வேகவைத்த மொக்கேக்கா மீன் குழம்பை இருமுறை கேட்டு வாங்கியவர்களும் உண்டு, காரம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே.

பூசியோஸ் முற்றிலும் வேறு. மீனவக் கிராமமாக இருந்த இவ்வூர், 1964இல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பர்தோ வந்து தங்கிய பின்னரே உலகறிந்தது. கடலோரச் சாலையில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். சிறு சிறு குடாக்களாகப் பிரிந்த கடற்கரைகளில் ஜோவாவோ ஃபெர்னாண்டஸ் அலையடங்கியது. முதியவர்கள் அச்சமின்றிக் கால் நனைக்கலாம். ஜெரிபா அலைச்சறுக்குப் பலகையுடன் வருவோருக்கு உரியது. இப்பகுதிக் கடல், குறிப்பாக அருகிலுள்ள அர்ராயல் டோ காபோவில், கோடையிலும் சில்லென்றிருப்பதற்குக் காரணம், வடகிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து வருவதே. இராமேசுவரத்து வெதுவெதுப்பை எதிர்பார்த்து இறங்கியவர்கள் உடனே கரையேறினர். இத்தனை அமைதியான ஊருக்கு ஒதுக்கிய நாள்கள் மிகக் குறைவு. கோப்பகபானாவில் கழித்த நாள்களில் பாதியை இங்கே மாற்றியிருந்தால் செலுத்திய தொகைக்குப் பொருள் இருந்திருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி ஏற்பாட்டாளர் மிகத் தாமதமாகவே தெரிவித்தார். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அச்சான்றிதழ் கட்டாயம் கேட்கப்படும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம், எனவே காரைக்குடியிலிருந்து போய்வரும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. ஆண்டின் கடைசி இரவில் கோப்பகபானாவில் வெள்ளை உடுத்த பெருங்கூட்டம் கூடி, இயெமஞ்ஜா என்னும் கடல் தெய்வத்துக்கு மலர் விடுவதைப் பார்க்க விரும்புவோர் அதிக வாடகைக்கும் நெரிசலுக்கும் ஆயத்தமாக வேண்டும். மூட்டு வலியுள்ளவர்கள் அவ்விரவைத் தவிர்த்து, நவம்பரில் செல்லும் குழுவில் சேர்வதே மேல்.